பூச்சின்னா பூச்சிதான்

அத்தியாயம் 11

பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். கறிக்கடைக்காரர் வீட்டில் அது யாருக்கும் கிடையாது. அப்படியிருந்தும் அப்பாவும் மகளும் கூட்டுச் சேர்ந்து ஒரு பொய் சொன்னார்கள். போன வாரம் நாமும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், தடுக்கத்தான் முடியவில்லை.

படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. கறிக்கடைக்காரரின் மனைவி, பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரம்மா, கொஞ்ச நாளாக வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இருமல் வந்தது. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. பக்கத்துத் தெருவில் ஸ்கேன் எடுத்த இடத்தில், கல்லீரலில் பெரிய கட்டி, நுரையீரலிலும் ஒன்று, அங்கிருந்து இங்கே பரவியிருக்கலாம் என்றார்கள். ஊசி செலுத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க நாளும் குறித்தார்கள்.

'பரவியிருக்கலாம்' என்றால் என்ன என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அப்பா கடையின் பின்பக்கம் போய்க் கொக்கியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவிடம் இருவரும், "வயித்துல பூச்சிதான், மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார்கள். மகள் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தாள். பூச்சி மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தது வெறும் சத்து மாத்திரை.

ஊசி போட வேண்டிய நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து அது தள்ளிப்போனது. மகள் ஒற்றைக்காலில் நின்று அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இன்று காலை அங்கிருக்கும் டாக்டரம்மா அப்பாவையும் மகளையும் தன் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

*

டாக்டரம்மாவின் மேஜையில் ஆறிப்போன தேநீர் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேஜை முழுக்க அதைத் தேடினார். மகள்தான் அவர் தலையைச் சுட்டிக்காட்டினாள்.

"வீட்டுல என்ன தொழில்?" என்று ஆரம்பித்தார்.

"கறிக்கடைங்க. ஆட்டுக்கறி," என்றார் அப்பா.

"அறுக்கறது எங்க?"

"கடைக்குப் பின்னாடியேதான்."

"நாய் இருக்கா?"

அந்த வேளையிலும் அப்பாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "இருக்குங்க. மேனேஜர்."

"மேனேஜரா?"

"அதுதான் டாக்டர் நாயோட பேரு," என்றாள் மகள். "கடை திறக்கறப்போ வந்து வாசல்ல உக்காரும். மூடற வரைக்கும் எல்லாரையும் பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு வேலையும் செய்யாது. அதான் அந்தப் பேரு."

டாக்டரம்மா சிரிக்காமல் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "இந்தப் பெரிய வட்டத்தப் பாருங்க. அதுக்குள்ள சின்னச் சின்ன வட்டமா தெரியுதா? சதைக்கட்டி இப்படி இருக்காது. இது தண்ணி நிறைஞ்ச பை. முதல்ல எடுத்த படத்துல உள்வட்டம் தெளிவா விழல, அதனால அவங்களுக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கு. ரத்தப் பரிசோதனை நேத்து சாயங்காலம் வந்துது. இது புற்றுநோய் இல்ல."

அப்பா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப என்னதுங்க?"

"பூச்சி," என்றார் டாக்டரம்மா.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறிவிட்டது. நல்ல செய்தி கேட்டு அழுகிறவர்களை டாக்டரம்மா பார்த்திருக்கிறார். இப்படிச் சிரித்துவிட்டு அழுகிறவளை இன்றுதான் பார்க்கிறார்.

அழுகை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு ஒரு வெற்றுத்தாளில் படம் போட்டார். ஓர் ஆடு, ஒரு நாய், ஒரு மனிதர். அவருக்கு வைத்தியம் வரும், நாய் வரைய வராது.

"இது எலிங்களா?" என்று கேட்டார் அப்பா.

"மேனேஜர்," என்றார் டாக்டரம்மா. "ஆட்டு ஈரல்ல சில சமயம் தண்ணிக் கட்டி இருக்கும், பாத்திருப்பீங்க. அந்த ஈரல நாய் பச்சையா தின்னா நாய் வயித்துல நாடாப்புழு வரும். நூல் துண்டு அளவுதான் இருக்கும். அதோட முட்டை நாயோட கழிவுல வெளிய வந்து ரோமத்துலயும் ஒட்டிக்கும். நாயைத் தடவின கை வாய்க்குப் போனா முட்டையும் கூடவே போயிடும். குடல்லேருந்து ரத்தத்தோட கல்லீரலுக்கு வரும். கல்லீரல் வடிகட்டி மாதிரி, முக்கால்வாசி அங்கயே நின்னுடும். அதுலயும் தப்பிச்சது நுரையீரலுக்குப் போகும். சில பேருக்கு மூளைக்கு, எலும்புக்குக்கூட போறது உண்டு. வருஷக்கணக்கா சத்தமே இல்லாம வளரும்."

மகளுக்குத் தையல் மிஷின் கண்முன் வந்தது. மிதிகட்டைக்குப் பக்கத்தில் மேனேஜர் படுத்திருக்கும். அம்மா ஒரு கையால் அதன் தலையைத் தடவிக்கொண்டே, மறு கையால் நூல் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தி ஊசியில் கோர்ப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை கோர்ப்பாள்!

"கட்டி இருக்கற ஈரல என்ன பண்ணுவீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்பா ஜன்னலைப் பார்த்தார். "அது கழிவுங்க. போயிடும்."

"எங்க போகும்?"

"போயிடுங்க."

டாக்டரம்மா அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார். "சரி. அந்த ஊசி போடாதது உங்க நல்ல நேரம். பை கிழிஞ்சு தண்ணி உள்ள சிந்தினா அலர்ஜியில மூச்சே அடைச்சிடலாம். சிந்தின எடத்துலல்லாம் புதுசா முளைக்கவும் செய்யும். எனக்கு இப்ப நுரையீரல் பத்திதான் பயம். அங்க இருக்கறது பெரிசு, ஓரமா வேற இருக்கு. பலமா இருமினா உடைஞ்சாலும் உடையும். நாளைக்குக் காலைல அத எடுத்துடலாம். ஈரல்ல இருக்கறதுக்கு அப்புறம் இன்னொரு ஆபரேஷன். பிறகு மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும்."

"பிழைச்சுடுவாளா?" என்று கேட்டார் அப்பா.

"உடையறதுக்கு முன்னாடி எடுத்துட்டா நல்லா இருப்பாங்க. இன்னிக்கு அவங்க சம்மதம் வேணும். அப்புறம், நாயோட புழங்கின எல்லாரும் இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடுங்க. நாயையும் அதோட டாக்டர்கிட்ட காட்டுங்க."

*

வார்டில் அம்மா சும்மா படுத்திருக்கவில்லை. கட்டிலுக்குக் கட்டில் தொங்கும் மறைப்புத் துணியின் ஓரம் பிரிந்திருந்ததைப் பார்த்து, நர்ஸிடம் ஊசி நூல் கேட்டு வாங்கித் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தையலுக்கு ஒரு இருமல்.

மகள் அந்த இருமலைக் கேட்டதும் ஓடிப்போய் நூலைப் பிடுங்கினாள். "அம்மா, நல்ல சேதிம்மா! டாக்டர் சொல்லிட்டாங்க. உனக்கு வேற ஒண்ணுமில்ல. பூச்சிதான்!"

அம்மா மகளைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அழுது சிவந்த நான்கு கண்கள்.

"ம்," என்றார்.

"என்னம்மா 'ம்'? நிஜமாவே பூச்சி. நாளைக்குக் காலைல ஒரு ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்க."

"எங்க?"

மகள் தயங்கி அம்மாவின் மார்புக்குப் பக்கவாட்டில் கை காட்டினாள்.

"ஏண்டி, பூச்சிக்கு யாராவது நெஞ்சக் கிழிப்பாங்களா?" அம்மாவின் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் மகளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "நீ குடுத்த பூச்சி மாத்திரைய நான் அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன். வாயில வெச்சதும் சத்து மாத்திரை வாடை. உன்ன வயித்துல சுமந்தப்போ தினம் தின்னது, எனக்குத் தெரியாதா? பூச்சி மாத்திரை தின்னா ஒண்ணுக்கு மஞ்சளா போகுமாடி?"

பக்கத்துக் கட்டில் அம்மாள் போர்வைக்குள் சிரிப்பது கேட்டது. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது பொய்தாம்மா. ஆனா இது நிஜம்."

"ரெண்டும் ஒரே வார்த்தைதானே? நான் ஒண்ணும் பயப்படல. வலி இல்லாம வீட்டுல இருந்துட்டுப் போறேன். இத்துப்போன துணியக் கிழிச்சுத் தைக்கறது வீண் வேலை, அது எனக்குத் தெரியும். என்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மகள் ஓடிப்போய் டாக்டரம்மாவையே அழைத்துவந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஆடு, நாய், மனிதர் எல்லாவற்றையும் மறுபடி பொறுமையாகச் சொன்னார். அம்மா முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"தங்கமான பொண்ணும்மா நீ," என்றார் கடைசியில். "இவங்க ரெண்டு பேரும் சொல்லச் சொன்னாங்களா?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

இடையில் அம்மா சொன்ன ஒன்றுதான் அப்பாவின் காதில் நின்றது. 'புழு முட்டை, ஈரல், நாய்... அதெல்லாம் எங்க வீட்டுல நடக்காதும்மா. ஆரம்பத்துலயே சொல்லிட்டேன், இவரு எல்லாத்தையும் புதைச்சுடுவாரு.' டாக்டரம்மாவிடம் அம்மா அதைப் பெருமையாகவே சொன்னார்.

*

மதியம் இருவரும் கீழ்த்தளத்தில் ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"வேலில போறத எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்," என்றாள் மகள். "புலி வருது புலி வருதுன்னு சொன்னவன் கதைதான் நம்ம கதை. இருமல் அதிகமாயிட்டே இருக்குப்பா. நாளைக்குள்ள அது உடைஞ்சுட்டா?"

"உடையாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குத் தெரியாது. ஆனால் அப்பாக்கள் இப்படித்தான் பதில் சொல்வார்கள்.

முதலில் மகள் உள்ளே போனாள். போன வேகத்தில் வந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவள், மேனேஜரோடு அவ்வளவாகப் புழங்கியதும் இல்லை. அடுத்து அப்பா போனார். அவர் வரத்தான் நேரமாயிற்று. வயிற்றில் தடவிய பசையைக் கைக்குட்டையால் துடைத்தபடி வெளியே வந்தார்.

"என்னப்பா இவ்வளவு நேரம்?"

"உள்ள இருக்கற ஆளு நம்ம கடை வாடிக்கை. பேச்சு நிக்கல."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நீ கேன்டீன் போய் ஏதாவது சாப்பிடு. நான் மேல போறேன்." இரண்டு படி ஏறியவர் நின்றார். "நான் கூப்பிடற வரைக்கும் வராத."

*

சாயங்கால வெயில் வார்டின் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அம்மா தன் பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டார். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பூச்சின்னு மட்டும் சொல்லாதீங்க."

"பூச்சியப் பத்தி இல்ல. என்னப் பத்தி." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கத்தி பிடித்துக் காய்த்த கை. "கடை ஆரம்பிச்ச புதுசுல, ஈரல்ல தண்ணிக் கட்டியப் பாத்துட்டு நீ என்ன சொன்ன?"

"குமட்டுது, குழி தோண்டிப் புதைங்கன்னேன். மண்வெட்டிகூட நான்தானே வாங்கிக் குடுத்தேன்."

"கடைய மூடிட்டு வந்தா தினமும் கேப்ப, புதைச்சாச்சான்னு."

"நீங்களும் புதைச்சாச்சும்பீங்க."

"புதைக்கல."

அம்மாவின் கை மடிப்பிலேயே நின்றது.

"முதல் வாரம் புதைச்சேன். அந்த மண்ணு கல்லு மாதிரி இருந்துது, இடுப்பு விட்டுப்போச்சு. நாய் வேற வந்து வாலாட்டிக்கிட்டு நிக்கும். வீணாப் போறது ஒரு வாய்க்குப் போகட்டுமேன்னு போட்டுட்டேன். இதுக்கு முன்னாடி இருந்த நாய்க்கும் போட்டேன், மேனேஜருக்கும் போட்டேன். நீ கேக்கறப்பல்லாம் புதைச்சாச்சுன்னு சொன்னேன். அந்த டாக்டரம்மா கேட்டப்போகூட 'போயிடும்'னுட்டேன். எனக்கு வாய் வரல."

அம்மா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த மண்வெட்டிக் கைப்பிடியில கடை ஸ்டிக்கர்கூட இன்னும் உரியல. தினம் பாத்திருக்கேன். ஒரு நாளும் எனக்கு உறைக்கலையே."

அப்பா தலைகுனிந்தார்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே!" இப்போதுதான் குரல் உயர்ந்தது. மொத்த வார்டும் திரும்பியது. "ஒரு குழி! ஒரு குழி தோண்ட முடியல உங்களுக்கு! அது தலையத் தடவின கையாலதானே நூலக் கோர்த்தேன்? பக்கத்துல படுக்கவெச்சுக்கிட்டுதானே தெச்சேன்? நீங்க புதைச்சுட்டீங்கன்னு நம்பித்தானே!"

இருமல் வந்துவிட்டது. அப்பா பதறி எழுந்து முதுகைத் தாங்கினார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார். இருமல் நின்றதும் மூச்சு வாங்கியபடி தலையணையில் சாய்ந்தார். வேறு நாளாக இருந்தால், 'நாயைக் கொஞ்சச் சொன்னது யாரு?' என்று அப்பா திருப்பிக் கேட்டிருப்பார். இன்று ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"இல்ல. உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

அம்மா, மடித்து வைத்த துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். அந்த விரல் ஓர் இடத்தில் நின்றது.

"அப்ப... இது பூச்சிதான்," என்றார்.

"பூச்சிதான்."

"என்ன ஏமாத்தணும்னா உங்க தலையில பழியப் போட்டுக்கிட்டா ஏமாத்துவீங்க? உலையில உப்பு கூடிப்போனாகூட அடுப்பக் குத்தம் சொல்ற ஆளாச்சே நீங்க. உங்க மேல குத்தம் வெச்சு உங்களுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாது."

சொல்லி முடிப்பதற்குள் அம்மாவின் முகம் கோணிவிட்டது. இத்தனை நாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, வாழப்போகிறோம் என்று தெரிந்ததும் குழந்தை மாதிரி அழுதார். "மிஷினக்கூட அவளுக்குன்னு மனசுல எழுதிவெச்சுட்டேங்க. நல்ல கத்திரிக்கோல எண்ணெய் போட்டுத் துணியில சுத்தி வெச்சுட்டு வந்தேன். இனிமே எனக்கு எதுக்குன்னு..."

அப்பா மறுபடி முதுகைத் தாங்கினார், இந்தத் தடவை அம்மா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

அழுகை ஓய்ந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. அது வேற கணக்கு, வீட்டுக்கு வந்து வெச்சுக்கறேன். அந்த நாய ஒரு அடி அடிக்கக் கூடாது. போட்டதத் தின்னுச்சு, அதுக்கு என்ன தெரியும்? போய் டாக்டரக் கூப்பிடுங்க. கையெழுத்துப் போடறேன்."

*

கையெழுத்துப் போட்டாயிற்று. மகள் கேன்டீனிலிருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, உடனே பயந்து விலகி, மறுபடி மெல்லக் கட்டிக்கொண்டாள். காலையில் என்னென்ன நடக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அப்பாவின் தோளை ஒரு முறை தொட்டு, "நாளைக்கு உங்ககிட்ட தனியா பேசணும்" என்றார். ஆபரேஷன் விஷயம் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அம்மா அப்படி நினைக்கவில்லை.

"வீட்டுல எல்லாரும் ஸ்கேன் எடுக்கணும்னாங்களே, எடுத்தீங்களா?"

"எடுத்தோம்மா. எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மகள்.

"உங்களுக்கு?"

அப்பா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "எடுத்தாச்சு. ஒண்ணுமில்ல."

அம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சட்டையில் ஒரு பொத்தான் தப்பி, அடுத்த துளையில் மாட்டியிருந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தவர் அப்படியேதான் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். பொத்தான் துளை தைத்தே கண் பூத்த அம்மா அதை இப்போதுதான் கவனிக்கிறார்.

கையை நீட்டி அந்தப் பொத்தானை அவிழ்த்துச் சரியான துளையில் மாட்டினார். கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

"புதைச்சாச்சு, புதைச்சாச்சுன்னு தினம் சொல்வீங்களே," என்றார். "அதே குரல்."

பாட்டில் மூடி அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அம்மா கால்களை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டார்.

"இங்க வந்து உக்காருங்க," என்றார். "எங்க இருக்குன்னு சொல்லுங்க."